க்யூவில் நின்ற காகிதங்கள்

 

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்திலிருந்து கேட்டார்கள். "ஹாஸ்டல் நினைவுகளை எல்லாரும் எழுதிடுவாங்க. நீங்க உங்க தொழில் சம்பந்தமா ஏதாவது சரித்திரம் எழுதுங்களேன்" என்று ஒரு வேண்டுகோளும் வைத்தார்கள். கம்ப்யூட்டர் சரித்திரம் என்றதும் ராக்கெட், செயற்கை நுண்ணறிவு என்று பெரிய விஷயங்கள்தான் மனதில் வரும். நான் எடுத்துக்கொண்டது மிகச் சாதாரணமான சமாச்சாரம்: பிரிண்டர். இன்னும் சரியாகச் சொன்னால், பிரிண்டருக்கு முன்னால் நம் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் க்யூ. அந்தக் க்யூவைக் கட்டளை அடித்து அமைப்பதும், திறப்பதும், மூடுவதும் எப்படி வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

"இதுல என்னப்பா சரித்திரம் இருக்கு?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. அறுபது வருஷத்துக்கு மேற்பட்ட கதை. அதில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. க்யூ யார் கண்ணுக்குத் தெரிகிறது? அதன் சாவி யார் கையில் இருக்கிறது?

ராஜாவைக் காக்க வைத்த பிரிண்டர்

ஐ.பி.எம். 7090 என்று ஒரு கம்ப்யூட்டர். 1959-இல் வந்தது. ஒரு செகண்டில் 2,29,000 கூட்டல்கள் போடும். அதன் மாத வாடகையே 63,500 டாலர். அதே 1959-இல் ஐ.பி.எம். 1401 என்ற சின்ன கம்ப்யூட்டரையும், அதனுடன் 1403 என்ற லைன் பிரிண்டரையும் அந்தக் கம்பெனி அறிவித்தது. ஒரு வரிக்கு 132 எழுத்துகள், நிமிஷத்துக்கு 600 வரிகள். அந்தக் காலத்துக்கு அது மின்னல் வேகம்.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். நிமிஷத்துக்கு 600 வரி என்றால் ஒரு செகண்டுக்குப் பத்து வரி. ஒரு வரி அச்சாகிற நேரத்துக்குள் 7090 கிட்டத்தட்ட 23,000 கூட்டல்களை முடித்துவிடும். பிரிண்டரை நேராக அதோடு மாட்டி, அச்சாகும் வரை காத்திரு என்று சொன்னால் என்ன ஆகும்? இத்தனை வாடகை கொடுத்துக் கொண்டுவந்த ராஜா, ஊழியக்காரன் வருவதற்காக வாசலில் நிற்பார்!

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பெரிய கம்ப்யூட்டர் தன் விடைகளை மேக்னடிக் டேப்பில் எழுதும். ஆபரேட்டர் அந்த டேப்பைக் கழற்றி, பக்கத்து அறையில் இருக்கும் 1401-இல் மாட்டுவார். அது நிதானமாக அச்சடித்துக்கொண்டிருக்கும். பெரியவர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

பின்னால் டிஸ்க் வந்ததும், டேப்பைத் தூக்கிக்கொண்டு நடக்கும் வேலையும் போனது. அச்சடிக்க வேண்டியதை டிஸ்கில் போட்டு வை, பிரிண்டர் ஓய்வாக இருக்கும்போது எடுத்துக் கொடு என்று மென்பொருளே பார்த்துக்கொண்டது. இதற்குப் பெயர் ஸ்பூலிங். 1960-களில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஹூஸ்டன் மையத்தில் இதற்காகவே ஒரு மென்பொருள் எழுதினார்கள். அதன் பெயரிலேயே ஊரும் ஸ்பூலிங்கும் இருந்தன. சுருக்கமாக ஹாஸ்ப் என்பார்கள். ஐ.பி.எம். மெயின்ஃபிரேம்களில் இன்றும் ஓடுகிற ஜெஸ்-2 அதன் வாரிசு.

நம் பக்கத்தில், 1973-இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370/155 வந்தது. பஞ்ச் கார்டு கட்டைக் கொடுத்துவிட்டு, அச்சான தாளுக்காகக் காத்திருந்த அனுபவம் நம் மூத்தவர்கள் சிலருக்காவது இருக்கும். அந்தத் தாளின் முதல் பக்கத்தில் பெரிய பெரிய எழுத்தில் யாருடைய வேலை என்று போட்டிருக்கும். ஒரே நீளமாக வரும் காகிதத்தை எங்கே கிழிப்பது, யாரிடம் கொடுப்பது என்று ஆபரேட்டருக்குத் தெரிய வேண்டுமே, அதற்காகத்தான். அப்போது க்யூவின் சாவி முழுக்க முழுக்க ஆபரேட்டர் கையில். ஜன்னலுக்கு வெளியே நிற்பவருக்குத் தன் முறை எப்போது வரும் என்றே தெரியாது.

யூனிக்ஸும் ஒரு நல்ல பூதமும்

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிச்சி முதலானவர்கள் 1969-இல் யூனிக்ஸைத் தொடங்கினார்கள். அவர்களுக்குப் புது கம்ப்யூட்டர் வேண்டும், நிர்வாகமோ ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுதப் பணம் தரத் தயாராக இல்லை. "ஆவணங்களைத் தயார் செய்ய ஒரு வசதி உண்டாக்கித் தருகிறோம்" என்று சொல்லித்தான் பி.டி.பி.-11 என்ற இயந்திரத்தை வாங்கினார்கள். 1971-இன் பிற்பகுதியில் அதை உண்மையாகவே பயன்படுத்தியவர்கள் அந்த நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவைச் சேர்ந்த மூன்று டைப்பிஸ்டுகள். யூனிக்ஸ் சோறு சம்பாதித்ததே காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்துத்தான் என்றால் மிகையாகாது.

அதனால் 1970-களிலேயே யூனிக்ஸில் எல்பிஆர் என்ற கட்டளை வந்துவிட்டது. எல்.பி. என்றால் லைன் பிரிண்டர். இன்று உங்கள் மேஜையில் இருப்பது லேசராக இருந்தாலும் இங்க்ஜெட்டாக இருந்தாலும், கட்டளைக்குப் பெயர் என்னவோ அந்தப் பழைய லைன் பிரிண்டரின் பெயர்தான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற மாதிரி.

பின்னணியில் இருந்து க்யூவைக் கவனிக்கும் புரோகிராமுக்கு எல்பிடி என்று பெயர். கடைசி எழுத்து டீமனைக் குறிக்கிறது. பேய், பிசாசு என்று பயப்பட வேண்டாம். 1963-இல் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கார்பட்டோவின் குழு, பின்னணியில் ஓயாமல் வேலை செய்யும் புரோகிராம்களுக்கு இந்தப் பெயரை வைத்தது. இயற்பியலில் மேக்ஸ்வெல் கற்பனை செய்த, மூலக்கூறுகளைப் பிரித்துப் பிரித்து அனுப்புகிற பூதம் இருக்கிறதல்லவா, அதிலிருந்து எடுத்த பெயர். வாசலில் நின்று "நீ போ, நீ நில்லு" என்று சொல்கிற பூதம். க்யூவுக்கு இதைவிடப் பொருத்தமான காவலாளி கிடைக்குமா?

தாள் சிக்கியதால் வந்த புரட்சி

இதே எம்.ஐ.டி.யில் நடந்த இன்னொரு சம்பவத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அங்கே செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்று ஒரு புரோகிராமர். பிரிண்டர் ஒரு மாடியில், ஆட்கள் வேறு மாடியில். போய்ப் பார்த்தால் பாதியிலேயே தாள் சிக்கி நின்றிருக்கும். பழைய பிரிண்டருக்கு மென்பொருளின் மூலநிரல் கையில் இருந்தது. அதனால் ஸ்டால்மன் அதில் ஒரு வசதி சேர்த்தார். வேலை முடிந்தால் அதற்கு உரியவருக்குத் தகவல் போகும். தாள் சிக்கினால், க்யூவில் காத்திருக்கிற எல்லோருக்கும் தகவல் போகும். காத்திருப்பவர்களில் யாராவது ஒருவர் எழுந்து போய்ச் சரி செய்துவிடுவார். எவ்வளவு எளிமையான ஏற்பாடு!

1980 வாக்கில் ஜெராக்ஸ் நிறுவனம் அந்த ஆய்வகத்துக்கு ஒரு புதிய லேசர் பிரிண்டரை அன்பளிப்பாகக் கொடுத்தது. அதன் மென்பொருளுக்கு மூலநிரல் தரவில்லை. புது பிரிண்டரிலும் தாள் சிக்கத்தான் செய்தது. ஆனால் இந்தத் தடவை தகவல் சொல்லும் வசதியைச் சேர்க்க வழியில்லை. அந்த நிரல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அங்கே போனபோது நேரிலேயே கேட்டார் ஸ்டால்மன். "தர முடியாது, தருவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்" என்ற பொருளில் பதில் வந்தது.

அந்த மறுப்பைத் தன் வாழ்க்கையின் திருப்பங்களில் ஒன்றாக ஸ்டால்மன் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். 1983 செப்டம்பரில் அவர் க்னூ திட்டத்தை அறிவித்தார். 1985-இல் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கினார். இன்று லினக்ஸ் என்று நாம் சொல்கிற அமைப்பில் பாதிக்கு அந்தத் திட்டம்தான் அஸ்திவாரம். இதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் க்யூவில் நிற்பவனுக்கு என்ன நடக்கிறது என்று சொல்ல மறுத்த ஒரு பிரிண்டருக்கும் அதில் பங்கு இருக்கிறது.

பிரிண்ட்கேப் என்னும் ஓலைச்சுவடி

1983-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து 4.2 பி.எஸ்.டி. என்ற யூனிக்ஸ் வந்தது. இன்டர்நெட்டின் டி.சி.பி.-ஐ.பி. வசதியோடு வந்து ஊரெல்லாம் பரவிய பதிப்பு இதுதான். இதில் எல்பிடி நெட்வொர்க்கில் பேசக் கற்றுக்கொண்டது. ஒரு மெஷினில் கட்டளை அடித்தால், வேறு கட்டடத்தில் இருக்கிற பிரிண்டரில் தாள் வரும்.

அமைப்பு முழுவதும் பிரிண்ட்கேப் என்ற ஒரே டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கும். டெர்மினல்களின் குணங்களை எழுதி வைக்க பில் ஜாய் டெர்ம்கேப் என்ற முறையை உண்டாக்கியிருந்தார். அதையே கொஞ்சம் எளிமையாக்கி பிரிண்டருக்கும் வைத்தார்கள். எல்லாம் இரண்டெழுத்துச் சங்கேதங்கள். எல்.பி. என்றால் எந்த போர்ட். எஸ்.டி. என்றால் எந்த டைரக்டரியில் க்யூ. ஆர்.எம். என்றால் வேறு எந்த மெஷின். எஸ்.எச். என்று போட்டால் முன்பக்கத்துப் பெயர்த் தாள் வராது. வரிகளுக்கு நடுவே பின்சாய்வுக் கோடு போட்டு இணைக்க வேண்டும். அந்தக் கோட்டுக்குப் பின்னால் ஒரு இடைவெளி தெரியாத்தனமாக விழுந்தால் போச்சு! கண்ணால் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். பிரிண்டர் மட்டும் வாய் திறக்காது.

இதில் வேடிக்கைகளும் உண்டு. யூனிக்ஸில் வரியின் முடிவுக்கு ஒரே குறிதான், "அடுத்த வரிக்கு இறங்கு" என்று அர்த்தம். பல பிரிண்டர்களோ "இடது ஓரத்துக்குத் திரும்பு" என்று தனியாகச் சொன்னால்தான் திரும்பும். சொல்லாவிட்டால் ஒவ்வொரு வரியும் முந்தைய வரி முடிந்த இடத்துக்குக் கீழே தொடங்கும். தாளில் எழுத்துகள் மாடிப்படி இறங்குகிற மாதிரி இறங்கி, வலது ஓரத்தில் காணாமல் போகும். இதற்கு மாடிப்படி விளைவு என்றே பெயர் வைத்திருந்தார்கள். பரிகாரம், ஐ.எஃப். என்ற இடத்தில் ஒரு ஃபில்டர் புரோகிராமின் பெயரைக் கொடுப்பது. க்யூவிலிருந்து வருவதை அது வாங்கி, திருத்தி, பிரிண்டருக்குக் கொடுக்கும். நாலு வரி ஷெல் ஸ்கிரிப்ட் தெரிந்த மாணவன் கூட இதை எழுதலாம்.

இன்னொரு வம்பு, ஃபைலின் அளவு. எம்.எக்ஸ். என்ற சங்கேதத்தைக் கொடுக்காவிட்டால், ஆயிரம் பிளாக்குக்கு மேற்பட்ட ஃபைலை எல்பிஆர் ஏற்றுக்கொள்ளாது. வெறும் எழுத்துகள் அச்சடித்த காலத்தில் அது தாராளமான அளவு. 1984-இல் அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியும் எச்.பி.யின் லேசர்ஜெட்டும் வந்தன. 1985-இல் ஆப்பிளின் லேசர்ரைட்டர் வந்தது. படத்தோடு பக்கங்கள் வரத் தொடங்கியதும் அந்த வரம்பு எல்லோருக்கும் இடைஞ்சலாகிவிட்டது. எம்.எக்ஸ். பூஜ்யம் என்று எழுதினால் வரம்பே இல்லை. ஒரு வரி தெரிந்தவர் தப்பித்தார், தெரியாதவர் கம்ப்யூட்டரைத் திட்டினார்.

க்யூவைப் பார்க்க எல்பிகியூ, தன் வேலையை எடுத்துவிட எல்பிஆர்எம், நிர்வாகிக்கு எல்பிசி. இந்த எல்பிசிக்குள் டாப்க்யூ என்று ஒரு கட்டளை உண்டு. யாருடைய வேலையை வேண்டுமானாலும் தூக்கி முன்னால் நிறுத்தலாம். கோயிலில் சிறப்பு தரிசனம் மாதிரி. அந்த அதிகாரம் சூப்பர் யூசருக்கு மட்டும்தான். ஆனால் எல்பிகியூவை அடித்துப் பார்க்கிற உரிமை எல்லோருக்கும் உண்டு. யார் முந்திப் போனார் என்பது வெட்டவெளிச்சம். மெயின்ஃபிரேம் ஜன்னலுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்.

ஒரே வார்த்தை, இரண்டு அர்த்தம்

இதே காலத்தில் யூனிக்ஸின் தாய்வீடான ஏ.டி. அண்டு டி. நிறுவனம் சிஸ்டம் ஃபைவ் என்ற தன் பதிப்பை வெளியிட்டது. அதில் பிரிண்டர் ஏற்பாடே வேறு. ஃபைலைத் திறந்து எழுத வேண்டாம், எல்லாம் கட்டளைதான். அச்சடிக்க எல்பி, பார்க்க எல்பிஸ்டாட், நிறுத்த கேன்சல், அமைக்க எல்பிஅட்மின். மைனஸ் பி என்று பிரிண்டரின் பெயர், மைனஸ் வி என்று போர்ட், மைனஸ் எம் என்று மாடல். மைனஸ் சி கொடுத்தால் நாலைந்து பிரிண்டர்களை ஒரே வகுப்பாகச் சேர்க்கலாம். எது முதலில் காலியாகிறதோ அதில் தாள் வரும். பேங்கில் ஒரே க்யூ, பல கவுன்டர் என்பது போல.

இந்த அமைப்பின் அழகு இரண்டு கதவுகள். ஆக்செப்ட், ரிஜெக்ட் இரண்டும் க்யூவுக்குள் நுழைகிற கதவு. எனேபிள், டிசேபிள் இரண்டும் க்யூவிலிருந்து பிரிண்டருக்குப் போகிற கதவு. ரிப்பன் மாற்ற ஐந்து நிமிஷம் ஆகும் என்றால் வெளிக்கதவை மட்டும் மூடினால் போதும். வருகிறவர்கள் வந்து நிற்கலாம். பிரிண்டரை ரிப்பேருக்கு அனுப்பி ஒரு வாரம் ஆகும் என்றால் உள்கதவையும் மூட வேண்டும். இல்லாவிட்டால் க்யூ மலையாகக் குவிந்துவிடும். மூடும்போது மைனஸ் ஆர் போட்டுக் காரணம் எழுதலாம். எல்பிஸ்டாட் அடிக்கிறவர் அந்தக் காரணத்தைப் படிப்பார். கவுன்டரை மூடுகிறவர் ஏன் என்று ஒரு அட்டை எழுதி மாட்டிவிட்டுப் போகும் நாகரிகம் இது.

ஒரு சங்கடம். பெர்க்லிக்காரர்களின் எல்பிசியிலும் இதே இரண்டு கதவுகள் உண்டு. ஆனால் அவர்கள் உள்கதவை மூடுவதற்கு டிசேபிள் என்றும், அச்சை நிறுத்துவதற்கு ஸ்டாப் என்றும் பெயர் வைத்தார்கள். ஏ.டி. அண்டு டி.யில் டிசேபிள் என்றால் அச்சு நின்றுவிடும். ஒரே வார்த்தை, இரண்டு வீட்டில் இரண்டு அர்த்தம்! இரண்டு வகை மெஷினும் இருந்த ஆபீஸ்களில் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

பதினோரு வாசல்

1990 ஆகஸ்டில் எல்பிடி பேசும் முறையை ஆர்.எஃப்.சி. 1179 என்ற ஆவணமாக எழுதி வைத்தார்கள். கேட்கிற போர்ட் 515. அதில் ஒரு விதி: அச்சடிக்க அனுப்புகிறவர் தன் பக்கத்தில் 721 முதல் 731 வரையுள்ள போர்ட்டுகளில் ஒன்றிலிருந்துதான் பேச வேண்டும். யூனிக்ஸில் 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டுகளை ரூட் மட்டுமே திறக்க முடியும். ஆகவே அங்கிருந்து பேசுகிறவர் நம்பத்தகுந்தவர் என்று அர்த்தம். ஆளாளுக்கு ஒரு கம்ப்யூட்டர் இல்லாத காலத்து நம்பிக்கை அது.

721-லிருந்து 731 வரை எண்ணினால் பதினோரு வாசல். டி.சி.பி.யில் பேசி முடித்த போர்ட்டைக் கொஞ்ச நேரம் ஓய்வில் வைப்பது வழக்கம். சட்சட்டென்று பதினோரு வேலைகளை அனுப்பினால், பன்னிரண்டாவது வாசலில்லாமல் நிற்கும். விதியை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்த மென்பொருள்கள் இதில் மாட்டிக்கொண்டன. பல மென்பொருள்கள் பிறகு விதியைத் தளர்த்தி எந்தப் போர்ட்டிலிருந்தும் பேசத் தொடங்கின.

இன்னொரு குறையும் இருந்தது. க்யூவில் யார் நிற்கிறார் என்று எல்பிடியிடம் கேட்கலாம். ஆனால் "உனக்கு இரண்டு பக்கமும் அச்சடிக்கத் தெரியுமா? கலர் உண்டா?" என்று பிரிண்டரின் குணத்தைக் கேட்க அந்த மொழியில் வார்த்தையே இல்லை.

இரு வீட்டாரும் சேர்ந்த கல்யாணம்

இந்த இடத்தில்தான் மைக்கேல் ஸ்வீட் வருகிறார். அவருடைய ஈஸி சாஃப்ட்வேர் புராடக்ட்ஸ் என்ற சிறிய நிறுவனம் 1997-இல் கப்ஸ் என்ற மென்பொருளைத் தொடங்கி 1999-இல் வெளியிட்டது. அதே 1999-இல் ஐ.பி.பி. என்ற புதிய அச்சு மொழியின் முதல் ஆவணங்களும் வந்தன. அது வெப் பக்கங்கள் பேசும் எச்.டி.டி.பி. மீது ஓடுகிறது, போர்ட் 631. அதில் பிரிண்டரிடமே கேள்வி கேட்கலாம். என்ன தாள், என்ன நிறம், எத்தனை வேலை நிற்கிறது என்று அது பதில் சொல்லும்.

கப்ஸ் செய்த புத்திசாலித்தனம், பழைய இரண்டு வீட்டாரையும் பகைத்துக்கொள்ளாததுதான். எல்பிஆர், எல்பிகியூ, எல்பிஆர்எம் என்று பெர்க்லி கட்டளைகளும் ஓடும். எல்பி, எல்பிஸ்டாட், கேன்சல், எல்பிஅட்மின் என்று சிஸ்டம் ஃபைவ் கட்டளைகளும் ஓடும். பின்னால் நிற்கும் க்யூ ஒன்றுதான். பெயரில் மட்டும் சின்ன மாற்றம்: கப்ஸ்எனேபிள், கப்ஸ்டிசேபிள், கப்ஸ்ஆக்செப்ட், கப்ஸ்ரிஜெக்ட். பாஷ் ஷெல்லுக்குள்ளேயே எனேபிள் என்று வேறு வேலைக்கு ஒரு கட்டளை இருப்பதால் இந்த முன்னொட்டு தேவைப்பட்டது.

ஆப்பிள் 2002-இல் தன் மேக் ஓ.எஸ். பத்தின் 10.2 பதிப்பில் கப்ஸை ஏற்றுக்கொண்டது. 2007-இல் ஸ்வீட்டை வேலைக்கு எடுத்து, மூலநிரலின் உரிமையையும் வாங்கியது. லினக்ஸ்களிலும் இதுவே நிலைத்தது. இன்றைக்கும் ஒரு மேக்கின் டெர்மினலில் எல்பிஸ்டாட் அடித்தால் பதில் வரும்.

இதைப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. எல்பிஅட்மினில் பெரிய எழுத்து ஈ என்று ஒரு குறி உண்டு. மைனஸ் பி-க்குப் பின்னால் போட்டால் இரண்டு கதவுகளையும் திற என்று அர்த்தம். முன்னால் போட்டால் இணைப்பை ரகசியக் குறியீட்டில் பேசு என்று அர்த்தம். இடம் மாறினால் பொருளே மாறிவிடும். "எல்லாம் சரியாத்தான் அடிச்சேன், ஆனா பிரிண்ட் வரலை" என்கிறவர்களில் பாதிப் பேர் இங்கேதான் மாட்டியிருப்பார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் போய்வந்த ஒரு தொழிற்சாலை ஸ்டோர்ஸில் நடந்தது. மாதக் கடைசி. டெலிவரி சலான் அச்சாகவில்லை. லாரிகள் கேட்டில் நிற்கின்றன. பிரிண்டர் புதுசா வாங்கணும் என்று மேலே சொல்லியாகிவிட்டது. எல்பிஸ்டாட் அடித்துப் பார்த்தால் பிரிண்டர் டிசேபிள் ஆகியிருக்கிறது. காலையில் யாரோ கேபிளைப் பிடுங்கி மாட்டியிருக்கிறார்கள். வேலை ஒன்று தோற்றதும் கப்ஸ் வெளிக்கதவை மூடிவிட்டது. உள்கதவு திறந்தே இருந்ததால், வராத சலானுக்காக ஆளாளுக்குப் பத்துத் தடவை பட்டனை அழுத்தி, 140 வேலைகள் வரிசையில் நின்றன. தேவையில்லாததை கேன்சல் கொடுத்து நீக்கி, கப்ஸ்எனேபிள் என்று ஒரு வரி அடித்ததும் டாட் மேட்ரிக்ஸ் 'கிர்ர்' என்று கிளம்பியது. அந்தப் பிரிண்டரில் ஒரு குறையும் இல்லை. க்யூ இருப்பதே அங்கே யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

லினக்ஸ் கெர்னலின் குறும்பையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பேரலல் போர்ட்டில் மாட்டிய பிரிண்டர், தாள் இருக்கிறது என்கிறது, ஆன்லைனில் இருக்கிறேன் என்கிறது, ஆனாலும் கோளாறு என்று சமிக்ஞை கொடுக்கிறது. என்ன செய்வது? "பிரிண்டர் தீப்பற்றி எரிகிறது" என்று ஒரு செய்தியைக் கெர்னல் காட்டும்! நிஜமாகவே அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள்.

கதவு இருந்தால் திருடனும் வருவான்

க்யூ என்பது யார் வேண்டுமானாலும் எதையாவது கொண்டுவந்து கொடுக்கிற இடம். வாங்கிக்கொள்கிற பூதத்துக்கோ அதிக அதிகாரம். எனவே திருடர்கள் எப்போதும் இந்தக் கதவைத் தட்டிப் பார்த்தார்கள். 2001-இல் ராமென் என்ற புழு, ரெட் ஹாட் லினக்ஸில் இருந்த எல்பிஆர்என்ஜி என்ற பிரிண்டர் மென்பொருளின் ஓட்டை வழியாகவும் பரவியது. 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட், விண்டோஸின் பிரிண்ட் ஸ்பூலர் ஓட்டையைத் தன் ஆயுதங்களில் ஒன்றாக வைத்திருந்தது. 2021-இல் பிரிண்ட்நைட்மேர் என்ற ஓட்டைக்காக மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. 2024 செப்டம்பரில் கப்ஸ்-பிரவுஸ்டு என்ற துணைப் புரோகிராமில் கோளாறு கண்டுபிடித்தார்கள். நெட்வொர்க்கில் யார் வந்து "நானும் ஒரு பிரிண்டர்தான்" என்று சொன்னாலும் அது நம்பிவிடும். பிரிண்டரே இல்லாத சர்வர்களில் கூட இந்தப் புரோகிராம் ஓடிக்கொண்டிருந்ததுதான் வேதனை. ஓடுவதே தெரியாவிட்டால், அதை மூட யாருக்குத் தோன்றும்?

இனி என்ன?

ஸ்வீட் 2019 இறுதியில் ஆப்பிளை விட்டு விலகினார். கப்ஸின் வளர்ச்சி ஓபன்பிரிண்டிங் என்ற திட்டத்தின் கீழ் தொடர்கிறது. புதிய பாதை டிரைவர் இல்லா அச்சு. எல்பிஅட்மினில் மைனஸ் எம் எவ்ரிவேர் என்று கொடுத்தால், கப்ஸ் பிரிண்டரிடமே அதன் குணங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். டிரைவர் சிடியைத் தேடி அலைந்தவர்களுக்கு இது வரப்பிரசாதம். மைக்ரோசாஃப்ட்டும் 2023-இல், பிற நிறுவனங்களின் பிரிண்டர் டிரைவர்களைப் படிப்படியாகக் கைவிடப்போவதாக அறிவித்துவிட்டது.

சரி, இந்தப் புது மொழி பேசத் தெரியாத பழைய பிரிண்டர்கள்? வரும் கப்ஸ் 3-இல் பழைய பாணி டிரைவர்களுக்கு இடமில்லை. அந்தப் பிரிண்டர்களுக்காக, புது மொழியில் கேட்டுப் பழைய மொழியில் சொல்லும் துபாஷி மாதிரி பிரிண்டர் அப்ளிகேஷன் என்று சிறு புரோகிராம்கள் எழுதப்படுகின்றன. எந்தப் பிரிண்டருக்கு யாராவது எழுதுகிறார்களோ அது பிழைக்கும். எழுத ஆளில்லாதது, நல்ல நிலையில் இருந்தாலும் காயலான் கடைக்குப் போகும். நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களிலும் சின்ன ஆபீஸ்களிலும் இருப்பவை பெரும்பாலும் பழசுதான். வெளிநாட்டில் நடக்கிற விவாதம் என்று நாம் சும்மா இருந்தால், நஷ்டம் நமக்கு.

இதற்கு வழி இருக்கிறது. ஸ்டால்மனுக்குக் கிடைக்காத மூலநிரல் இன்று உங்களுக்குத் திறந்தே கிடக்கிறது. ஓபன்பிரிண்டிங் திட்டத்தில் கூகுளின் கோடைக்கால நிகழ்ச்சி மூலம் இந்திய மாணவர்கள் பலர் நிரல் எழுதியிருக்கிறார்கள். நம் கல்லூரியிலிருந்தும் நாலு பேர் போகலாமே! ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடுகிறவர்கள் லேபில் மூலையில் கிடக்கும் பிரிண்டரை முதலில் பாருங்கள்.

அதுவரை சின்னதாக ஒன்று செய்யலாம். அடுத்த முறை தாள் வராதபோது பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். டெர்மினலைத் திறந்து எல்பிஸ்டாட் மைனஸ் டி என்று அடியுங்கள். எந்தக் கதவு மூடியிருக்கிறது, யார் யார் நிற்கிறார்கள், காரணம் என்ன என்று அது சொல்லும். கேட்டால் சொல்கிற அமைப்பை நமக்கு முன்னால் பலர் கஷ்டப்பட்டு உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். கேட்கத் தெரிந்தவர்கள் நம் கல்லூரியில் குறையாமல் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.